ஆமைக்கும் இடம், ஆளுக்கும் இடம்



"ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமீனா என்பவர் கோர்ட்டு உத்தரவோடு வந்து வீட்டையும் சாமானையும் ஜப்தி செய்கிறவர். அவரைக் கண்டு நம் முன்னோர் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் ஆமை செய்த குற்றம் என்ன? அதை மட்டும் அந்தப் பழமொழி சொல்லவில்லை.

இன்றைய பேச்சு ஆமையைப் பற்றியது. ஆற்றங்கரையிலும் அல்லூரிலும் நாம் காணும் சிறிய ஆமையன்று. நம் மலாக்கா மாநிலக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் வந்து முட்டையிட்டுப் போகும் அழுங்காமை என்னும் கடலாமை. அந்த ஆமைக்காகக் கடற்கரையில் இடம் ஒதுக்குகிறார்கள். அதே கரையை நம்பி மீன்பிடித்தும் கடை வைத்தும் பிழைக்கும் மக்களும் இருக்கிறார்கள். இருவரும் வாழ வழி உண்டா என்பதுதான் நாம் இன்று பார்க்கப் போகும் விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளி மாணவர்களை மஸ்ஜித் தானாவுக்கு அருகிலுள்ள பாடாங் கெமுந்திங் ஆமைப் பாதுகாப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். பிள்ளைகளோடு சில தாய்மாரும் துணைக்கு வந்தார்கள். அவர்களுள் ஓர் அம்மாள் பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று இல்லை. ரப்பர் மரங்களை வெட்டினார்கள், லயங்களை இடித்தார்கள், அந்த இடத்தில் இன்று வரிசை வரிசையாகக் கல்வீடுகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அவருடையதன்று. நிலையத்தில் முட்டை புதைத்த மணற்பாத்திகளையும், சுற்றிப் போட்டிருந்த கம்பி வேலியையும், காவலாளியையும் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்:

"ஏன் டீச்சர், நாங்க தோட்டத்தை விட்டுக் கிளம்பினப்போ எங்களுக்கு ஒரு அடி மண்ணு ஒதுக்க ஆளில்லை. இந்த ஆமைக்கு வேலி போட்டு, பலகை வச்சு, காவலும் வச்சிருக்காங்களே! மனுசனுக்கு இல்லாத இடம் ஆமைக்கா?"

பக்கத்தில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு இதைப் பற்றிப் படித்தேன்; விசாரித்தேன். இன்றைய பேச்சை அந்த அம்மாளுக்கு நான் சொல்லும் பதிலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஆமை யார் என்று தெரிந்துகொள்வோம். அழுங்காமையின் வாய் கிளியின் அலகுபோல் வளைந்திருக்கும். பவளப்பாறை இடுக்குகளில் வளரும் கடற்பஞ்சுகளை அந்த அலகால் கொத்தித் தின்னும். கடற்பஞ்சு அளவுக்கு மீறி வளர்ந்தால் பவளத்தை மூடிவிடும். பவளம் அழிந்தால் அதில் குஞ்சு பொரித்து வளரும் மீனும் குறையும். ஆகவே இந்த ஆமை நம் தட்டில் விழும் மீனுக்கும் ஒரு வகையில் காவல்காரன். அதன் முதுகோடு மஞ்சளும் பழுப்புமாக மின்னும். அந்த அழகே அதற்கு எமனாகியது. சீப்பும் வளையலும் பெட்டியும் செய்ய உலகெங்கும் அதைக் கொன்றார்கள். ஜப்பான் நாடு 1992-ஆம் ஆண்டின் முடிவில்தான் அந்த ஓட்டின் இறக்குமதியை நிறுத்தியது. 1996-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழுங்காமையை அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் சபாவுக்கு அடுத்தபடியாக இந்த ஆமை அதிகமாக வந்து முட்டையிடுவது மலாக்காவில்தான். ஆண்டுக்குச் சில நூறு கூடுகள் இங்கே வைக்கப்படுகின்றன. மே மாதம் முதல் ஆகஸ்டு வரை வரத்து அதிகம். தாய் ஆமை இருட்டிய பிறகு கரையேறும். மணலைத் துழாவிக் குழி பறித்து, நூறு நூற்றைம்பது முட்டைகள் வரை இட்டு, மூடிவிட்டு, விடியுமுன் கடலுக்குத் திரும்பும். ஏறத்தாழ 2 வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் சில தடவை முட்டையிட்டபின், மீண்டும் வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். சில ஆமைகளின் முதுகில் கருவி பொருத்தித் துணைக்கோளம் வழியாகக் கவனித்தபோது, இங்கே முட்டையிட்டவை சிங்கப்பூர் பக்கமும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் பக்கமும் இரை தேடிப் போவது தெரியவந்தது. பிழைப்புக்கு ஓர் ஊர், பிரசவத்துக்குத் தாய்வீடு. நம் பெண்களுக்கு இது புதிய செய்தியா?

மணலுக்குள் ஏறக்குறைய 2 மாதம் கிடந்து முட்டை பொரிக்கும். இதில் ஒரு விந்தை உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சுமார் 29 பாகை வெப்பத்துக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் மிகும். கீழே இருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். பொரித்த குஞ்சு இரவில் வெளிச்சம் தெரியும் திசையை நோக்கி ஓடும். இருண்ட கரையில் வெளிச்சமாகத் தெரிவது கடல்தான். ஆனால் கரையோரத்தில் ஓட்டல் விளக்கு எரிந்தால், குஞ்சு கடலை விட்டுத் தார் ரோட்டுக்குப் போய்விடும். தப்பிக் கடலுக்குள் போவனவற்றில் ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்று சொல்வார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் பருவத்தை அடைய இருபது முப்பது ஆண்டுகள் செல்லும்.

இந்த இருபது முப்பது ஆண்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தவறியதால் நேர்ந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

திரெங்கானு மாநிலத்தில் ரந்தாவ் அபாங் என்ற கடற்கரை இருக்கிறது. உலகிலேயே பெரிய ஆமையாகிய ஏழுவரி ஆமை அங்கே வந்து முட்டையிடும். 1956-ஆம் ஆண்டில் அந்தக் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கூடுகள் இருந்தன. 1951-லேயே ஆமைச் சட்டமும் வந்துவிட்டது. ஆயினும் முட்டை எடுப்பதற்கு அது உரிமம் வழங்கியது. எடுத்த முட்டையில் பெரும்பகுதி சந்தைக்குப் போயிற்று. ஆமையைப் பார்க்க வந்த கூட்டத்தில், அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் ஆமைகள் வந்துகொண்டே இருந்தன. "எவ்வளவு எடுத்தாலும் வருகிறதே" என்று மக்கள் எண்ணினார்கள்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இதில் உள்ள ஏமாற்றம் உடனே விளங்கும். மறுநடவு செய்யாத ரப்பர் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். பழைய மரங்கள் பால் தரும்வரை மங்கு நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். கன்று நடவில்லை என்பது பத்து வருடத்துக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கும் தெரியாது. கிழ மரங்கள் ஒருசேரப் பட்டுப்போகிற காலத்தில்தான் தெரியும். ஏழுவரி ஆமைக்கு நேர்ந்தது அதுவே. கடலில் வலைகளில் சிக்கியும் ஏராளமானவை மாண்டன. 1961 முதல் பொரிப்பகம் வைத்துப் பார்த்தார்கள். அங்கே மணல் சூடு மிகுந்து, ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகளாகப் பொரித்தது பின்னால்தான் தெரிந்தது. 1989-இல் ஏழுவரி ஆமை முட்டை விற்பனையைத் தடைசெய்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பத்தாயிரம் கூடுகள் இருந்த கரையில் பிற்காலத்தில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கூடுகளே கிடைத்தன. ஒன்றுமே கிடைக்காத ஆண்டுகளும் வந்தன. எல்லாவகை ஆமை முட்டை வியாபாரத்தையும் திரெங்கானு தடைசெய்தது 2022-இல்தான்.

ஆமை போனதோடு கதை முடிந்ததா? இல்லை. ஆமையைக் காண வந்தவர்களை நம்பி ரந்தாவ் அபாங்கில் தங்குவிடுதியும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்த கம்பத்து மக்களின் வரும்படியும் கூடவே போயிற்று. முட்டை எடுத்தவருக்கும் இழப்பு, எடுக்காதவருக்கும் இழப்பு.

இனி நம் மலாக்காவுக்கு வருவோம். நம் நாட்டு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஆமை மாநில அரசின் பொறுப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. மலாக்காவில் 1989-இல் ஆமைக்கும் ஆமை முட்டைக்கும் தனி விதிகள் வந்தன. அப்போது ஒரு சிக்கல் இருந்தது. முட்டை எடுப்பதைக் கரையோரக் கம்பத்து மலாய்க்காரர்கள் பரம்பரையாகச் செய்துவந்தார்கள். எந்தத் திட்டில் ஆமை ஏறும், எந்த அலைக்கு ஏறும், உண்மைக் கூடு எது, ஏமாற்றுக் குழி எது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். "இனி தொடாதே" என்று ஒரே உத்தரவில் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? பகலில் சரி என்பார்கள். இரவில் எடுத்துச் சந்தையில் மறைவாக விற்பார்கள். ஒரு சில அதிகாரிகளால் அத்தனை கரையையும் விடிய விடியக் காக்க முடியுமா?

இங்கே கண்ட வழி வேறு. அந்த மக்களுக்கே உரிமம் கொடுத்தார்கள். அவர்கள் எடுக்கும் முட்டையை மீன்வளத் துறை விலை கொடுத்து வாங்கி, பாடாங் கெமுந்திங் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் ஏற்பாடு நடந்தது. நாற்றுமேடை வைத்துக் கன்று வளர்ப்பது போன்ற வேலை இது. முட்டையை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்; புரட்டாமல் கொண்டுபோக வேண்டும்; புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும். இந்தப் பக்குவத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். முன்பு சந்தைக்காக இரவில் கண்விழித்தவர், இப்போது பொரிப்பகத்துக்காகக் கண்விழிக்கிறார். அவர் வீட்டு அடுப்பும் எரிகிறது, ஆமையும் பிழைக்கிறது. குறைகள் இல்லாமல் இல்லை. துறை கொடுக்கும் விலையைக் காட்டிலும் வெளியார் கூடுதலாகக் கொடுத்தால் மனம் சபலப்படத்தான் செய்யும். ஆனாலும் காவல்காரனை வெளியிலிருந்து கொண்டுவராமல், உள்ளூர்க்காரனையே காவல்காரன் ஆக்கியது நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை பேசியவளாவேன். மலாக்கா பட்டணத்துக்கு எதிரே கடலில் உப்பே தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. போர்த்துக்கீசியர் தம் கோட்டைக்கு அந்தத் தீவிலிருந்து செம்பாறைக் கல் வெட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. தீபகற்பத்திலேயே அழுங்காமை அதிகம் விரும்பி வந்த கரைகளில் ஒன்று அந்தத் தீவின் கரை. பட்டணத்துக் கடலோரத்தில் பல ஆண்டுகளாக மண் கொட்டி நிலம் உண்டாக்கி வருகிறார்கள். 2014-இல் மலாக்கா கேட்வே என்ற பெரிய திட்டமும் தொடங்கப்பட்டது. கடலை நிரப்பினால் நீரோட்டம் மாறும். நீரோட்டம் மாறினால் ஓரிடத்து மணல் அரித்துப்போகும். உப்பே தீவின் மணற்கரை குறுகியது, கூடுகளும் குறைந்தன. அதே காலத்தில் உஜோங் பாசிரில் உள்ள போர்த்துக்கீசியக் குடியிருப்பு மீனவர்களும் முறையிட்டார்கள். கெராகாவ் என்னும் கூனிப்பொடியைக் கரையோரமாகத் தள்ளுவலையில் பிடித்து, சிஞ்சாலோக்கும் பெலாச்சானும் செய்து பிழைத்தவர்கள் அவர்கள். தங்கள் கடல் தூர்ந்துபோகிறது என்பதே அவர்களுடைய குறை.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஆமையின் இடம் பறிபோன போது ஏழை மனிதனின் இடமும் பறிபோயிற்று. ஏழைக்கும் ஆமைக்கும் சண்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில், இருவர் வீட்டு வாசலிலும் ஒரே அமீனா வந்து நிற்கிறார்.

மக்களும் காப்பிடமும் சேர்ந்து வாழ்ந்ததற்கு நம் முன்னோர் நாட்டிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்ற ஊர். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்குப் பின் அந்த ஊர் ஏரிக்கு நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்த மக்கள் ஏன் முறையிட்டார்கள்? இரக்கம் ஒரு காரணம். வயிற்றுப் பிழைப்பு இன்னொரு காரணம். பறவையின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் வயலில் பாயும்போது நெல்லுக்கு அதுவே உரமாயிற்று. 1936-இல்தான் அரசாங்கம் அதைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தது. சட்டம் வருவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சரணாலயம் இருந்தது. இன்றும் தீபாவளிக்கு வெடி போடாமல் பறவைகளுக்காக அடங்கியிருக்கும் ஊர் அது.

எல்லா இடத்திலும் இப்படி இனிமையாக நடந்துவிடவில்லை. இராமநாதபுரம், தூத்துக்குடி கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. 1986-இல் அவற்றைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்தவர்கள் மீனவப் பெண்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையில் பாசி பறிக்கும் வேலை அது. ஒரு நாள் திடீரென்று அவர்களுடைய பிழைப்பு குற்றமாயிற்று. பிடிபட்டார்கள், அபராதம் கட்டினார்கள். பிறகு அந்தப் பெண்களே ஒன்றுகூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது. மீன் இனம் பெருகும் தடைக்காலத்தில் கடலில் இறங்காமல் இருப்பது. "நாங்களும் காக்கிறோம், எங்களையும் வாழவிடுங்கள்" என்பதே அவர்கள் கேட்டது. பாசி அடியோடு அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது தாங்களே என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நான்கு கரைகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, காப்பது காலத்தோடு நடக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தபின் காக்கப் புறப்பட்டால் ரந்தாவ் அபாங்கின் கதைதான். இரண்டு, அந்த இடத்தில் வாழ்கிறவரைக் கேட்காமல் போடும் வேலி நிற்காது. காப்பதால் அவருக்கும் ஒரு பலன் இருக்க வேண்டும். மூன்று, ஏழையின் சிறு கையை மட்டும் தடுத்துவிட்டு, பெரிய இயந்திரம் கடலைத் தூர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பாதுகாப்பு ஆகாது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. செம்பனைக்கு மருந்தடித்துவிட்டு வருகிற பெண்கள் மருந்துத் தோம்பை அல்லூரில் கழுவுவதுண்டு. அந்த அல்லூர் ஓடைக்குப் போகிறது. ஓடை சுங்கை லிங்கிக்கோ சுங்கை மலாக்காவுக்கோ சுங்கை கெசாங்குக்கோ போகிறது. எல்லாம் முடிவில் அந்த ஆமை இருக்கும் கடலுக்கே போகின்றன. வழியில் நம் பிள்ளைகள் தூண்டில் போடும் இடமும் அதுதான். ஆகவே தோம்பை அல்லூருக்குத் தூரத்தில், வயலுக்குள்ளேயே கழுவுங்கள். கழுவ முறையான இடம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் சங்கத்தின் மூலம் கேளுங்கள். விடுமுறை நாளில் பெங்காலான் பாலாக் கரைக்குக் குடும்பத்தோடு போகிறோம். சோற்றுப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தால், ஆமை அதைச் சொறிமீன் என்று நினைத்து விழுங்கும். இரவில் ஆமையைக் கண்டால் கைவிளக்கை அதன் முகத்தில் அடிக்காதீர்கள், தொடாதீர்கள், நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். யாராவது ஆமை முட்டையை உடம்புக்கு நல்லது என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். கோழி முட்டையில் இல்லாத எந்தச் சத்தும் அதில் இல்லை.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். மனிதனுக்கு இல்லாத இடம் ஆமைக்கா என்று கேட்டார். அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பிறந்த தோட்டத்தில் உங்களுக்கு ஒரு வீடு கிடைத்திருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் நிலத்தை எடுத்தது ஆமையன்று. ஆமைக்குப் போட்ட வேலியைப் பிடுங்கிவிட்டால் அந்த மண் உங்கள் கைக்கு வராது. விலை கொடுக்க வசதி உள்ளவர் கைக்குத்தான் போகும். தலைமுறை தலைமுறையாக ஓரிடத்துக்கு வந்துபோன உயிருக்கு அந்த இடத்தில் ஓர் உரிமை உண்டு என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டால், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த மனிதனுக்கும் உரிமை உண்டு என்பதை அந்த நாட்டினிடம் உரக்கக் கேட்கலாம். ஒன்றைக் கேட்பதற்காக மற்றொன்றை மறுக்க வேண்டியதில்லை.

அன்று மாலை நிலையத்தார் ஒரு பேசின் நிறையக் குஞ்சுகளைக் கொண்டுவந்து மணலில் விட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் அடங்கும் அளவு. அலையை நோக்கி அவை ஓடின. ஒரு குஞ்சு மட்டும் மணலில் பதிந்த செருப்புத் தடத்துக்குள் விழுந்து, ஏற முடியாமல் தவித்தது. கேள்வி கேட்ட அதே அம்மாள் குனிந்தார். தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தடத்தின் ஓரத்து மணலை விரலால் தள்ளி வழி செய்துவிட்டார். குஞ்சு ஏறிப் போயிற்று. "போ, போய்ப் பொழைச்சுக்கோ" என்றார்.

நேயர்களே, அந்தக் குஞ்சு பெண்ணாக இருந்து, பிழைத்தும் கிடந்தால், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து இதே கரைப்பக்கம் முட்டையிட வரும். அப்போது கரையும் இருக்க வேண்டும். கரையில் நம் பேரப்பிள்ளைகளுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும்.